மூன்று பகடைகளும் கலிலியோவும்

மூன்று பகடைகளை ஒருங்கே உருட்டினால், மொத்தம் 9 வருவதற்கும் 10 வருவதற்கும் ஆறாறு சேர்க்கைகளே உள்ளனவாயினும், 10 சற்றே மிகுதியாக விழுவதை அனுபவத்தால் உணர்ந்திருந்த இத்தாலியச் சூதாட்டப் பிரியர்களின் சந்தேகத்தை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிவர்த்தி செய்தவர், வானத்தை ஆராய்ந்த அதே கலிலியோதான்.

1, 2, 6 என்பது ஒரே சேர்க்கையாகத் தோன்றினும், எந்தப் பகடையில் எந்த எண் என்று பிரித்துப் பார்த்தால் அது ஆறு விதமாக விழக்கூடும். 1, 4, 4 மூன்று விதம். 3, 3, 3 என்பதற்கோ ஒரே விதந்தான். இவ்வாறு எண்ணிக் கூட்டினால், சாத்தியமான 216 விதங்களில் 9க்கு 25, 10க்கு 27. நூற்றுக்கு ஒன்றினும் குறைந்த இவ்வித்தியாசத்தைக் கணிதமின்றியே கண்டுகொள்ள எத்தனை இரவுகளைப் பாழாக்கினரோ! மொத்தத்தின் சராசரி 10½. அதற்கு இருபுறமும் நிற்கும் 10, 11 ஆகிய இரண்டுமே முதலிடம் வகிக்கின்றன.