அக்குளில் ஒளிரும் கணு

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை என்றதும், "கை வீங்கிவிடுமா டாக்டர்?" என்றுதான் பொன்மலையிலிருந்து வரும் குடும்பத்தார் பலர் முதலில் கேட்கின்றனர். நியாயமான அச்சமே. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை மொத்தமாக அகற்றினால் கைவீக்கம் நேரும் வாய்ப்பு மிகுதி.

நோய் தொடக்கநிலையில் இருந்து, அக்குளில் கட்டி தென்படாதபோது, பெரும்பாலோர்க்கு அவ்வளவு எடுக்க வேண்டியதில்லை. மார்பகத்து நிணநீர் முதலில் சென்றடையும் காவற்கணுக்கள் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம். அவற்றைக் கண்டறியக் கதிரியக்க மருந்தைப் பயன்படுத்துவது வழக்கம்; அதற்கான வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. இதற்கு மலிவான மாற்றாக ஃபுளூரசின் சாயத்தை மருத்துவர்கள் ஆராய்ந்து, முடிவுகளை வெளியிட்டுள்ளனர். கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படமெடுக்கக் கையில் ஊசியாக ஏற்றுவார்களே, அதே சாயந்தான்! மார்பகத்தில் அதைச் செலுத்தி, அக்குளைத் திறந்து நீல ஒளியைக் காட்டினால் காவற்கணு பச்சையாக ஒளிரும்.

கணு ஒளிர்ந்தது என்று கேட்டுக் கலங்க வேண்டா. சாயம் நிணநீர் சென்ற வழியை மட்டுமே காட்டும். அங்கே புற்று உண்டா என்பதை நோயியல் மருத்துவரின் நுண்ணோக்கியே சொல்லும்.

சிறுநீர் ஓரிரு நாள் மஞ்சளாகப் போகலாம். முன்பு ஏதேனும் சாய ஊசியால் தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டிருந்தால், அறுவைக்கு முன்பே எங்களிடம் கூறிவிடுங்கள்.