நிவாரணப் பொதிக்குப் பின்



2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். தொடர்ந்து வந்த மாதங்களில் நமது மஹல்லாக்கள் உலர் உணவுப் பொதிகளை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. பாராட்டத்தக்க பணிதான். எனினும், தொழிலிழந்த வலதுகுறைந்தோர் விடயத்தில் நமது கவனம் அப்பொதியுடனேயே நின்றுவிட்டது.

உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை விளங்கிக்கொள்ளும் செவிப்புலனற்றவருக்கு முகக்கவசம் ஒரு சுவராயிற்று. பிறர் கரம் பற்றி நடக்கும் விழிப்புலனற்றவரை ஒரு மீற்றர் இடைவெளி வீட்டிலேயே அமர்த்தியது. கடைகள் மீளத் திறந்து சிறிது காலத்தில், 2022இல் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது.

அரசாங்கத் துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை இவர்களுக்கு ஒதுக்குமாறு 1988ஆம் ஆண்டின் சுற்றறிக்கை பணிக்கிறது. தொழிலுக்கு ஆட்சேர்ப்பதில் பாரபட்சம் காட்டுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் அந்த 3 சதவீத ஒதுக்கீடு நமது வர்த்தகர்களின் கடைகளைக் கட்டுப்படுத்தாது. அங்கே கடை முதலாளியின் மனம்தான் சட்டம்.

உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் சம்பவம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் அவரது வீட்டுப் பொருட்களை ஏலத்தில் விற்று, கோடரி ஒன்றை வாங்கிவரச் செய்தார்கள். அதற்குத் தமது கரத்தாலேயே பிடி பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறும் பதினைந்து நாட்களின் பின் வருமாறும் கூறினார்கள். கோடரியை மட்டும் நாம் பேசுகிறோம். பிடியையும் பதினைந்து நாட்களையும் விட்டுவிடுகிறோம்.

ஓர் ஊரில், கால்கள் செயலிழந்த சகோதரி ஒருவருக்குக் காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தை ஸகாத் நிதியிலிருந்து வழங்கியிருந்தனர். நான் சென்றபோது அதன் மேல் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சிறிய மின்மோட்டார் ஒன்றைப் பொருத்தியிருந்தால் அவர் கையாலேயே இயக்கித் தைத்திருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எவருக்கும் தோன்றவில்லை!

தொழிற்பயிற்சி தேவைப்படுவோருக்குச் சமூக சேவைகள் திணைக்களத்தின் நிலையங்கள் சீதுவையிலும் வேறு இடங்களிலும் உள்ளன. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விபரம் பெறலாம். அங்கு செல்ல இயலாதவரை ஏற்றிச் செல்வதும், பதினைந்து நாட்களின் பின் மீண்டும் அவரது கதவைத் தட்டுவதும் மஹல்லாவின் பொறுப்பாகும்.