காரை ஓட்டியது யார்?



உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறிய ஒரு மகளோ மருமகளோ இருக்கக்கூடும். ஒருவேளை இதை அங்கிருந்தபடியே வாசிக்கும் சகோதரியாகவும் நீங்கள் இருக்கலாம். நம் ஊரில் ஸ்டியரிங்கைத் தொட்டும் பார்த்திராத பெண்பிள்ளைகள் அங்கே போய்க் கார் ஓட்டுகிறார்கள். ஓட்டாமல் என்ன செய்வது? காலையில் பிள்ளையைப் பாடசாலையில் விட வேண்டும். மாலையில் ஓத அழைத்துப் போக வேண்டும். ஹலால் இறைச்சிக் கடை இரண்டு ஊர் தள்ளி இருக்கும். மழையும் குளிரும் வேறு.

இப்படி ஓடித் திரியும் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் தபாலில் பொலிஸ் கடிதம் வந்து சேருகிறது. இன்ன திகதியில், இன்ன நேரத்தில், மணிக்கு 30 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட வீதியில் உங்கள் கார் 37 மைல் வேகத்தில் சென்றது. அப்போது அதை ஓட்டியவர் யார் என்று கேட்கிறது கடிதம். வாழ்நாளில் பொலிஸ் நிலையத்தின் படியை மிதித்திராத குடும்பம்! அன்றிரவே அக்குறணைக்கும் கொழும்புக்கும் தொலைபேசி அழைப்புகள் பறக்கின்றன.

சகோதரிகளே, 7 மைல் கூடுதலாகப் போனதற்கான தண்டனை சிறியது. குடும்பங்கள் சறுக்கி விழுவது அதன் பிறகுதான். பொலிஸ் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் எழுதுகிறோம், பின்னர் காப்புறுதி நிறுவனம் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் எழுதுகிறோம் என்பவற்றைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

கடிதம் யாருக்கு வருகிறது?

நம் நாட்டில் பொலிஸார் கையைக் காட்டி நிறுத்துவார்கள். ஓட்டியவர் எதிரே நிற்பார். தண்டச் சீட்டை எழுதிக் கொடுப்பார்கள்; தபாலகத்தில் பணத்தைக் கட்டினால் கதை முடிந்தது. அங்கே வீதியோரக் கமராவுக்குக் காரின் இலக்கத் தகடு போதும். ஓட்டியவர் யார் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே கார் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறதோ அவருக்கே முதற் கடிதம் போகிறது. சம்பவம் நடந்து 14 நாட்களுக்குள் அது அவரைச் சேர வேண்டும். அவர் 28 நாட்களுக்குள் ஓட்டியவரின் பெயரை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும்.

கார் கணவர் பெயரில், ஓட்டுவது மனைவி என்றிருக்கும் வீடுகளில் கடிதம் கணவருக்கு வரும். அவர் மனைவியின் பெயரை எழுதி அனுப்பினால், அடுத்த கடிதம் மனைவியின் பெயருக்கு வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்று ஓட்டியது யார் என்று உண்மையிலேயே நினைவில்லாவிட்டால், கமரா எடுத்த படத்தைத் தரும்படி பொலிஸாரைக் கேட்கலாம்.

கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, ‘பிறகு பார்ப்போம்’ என்று இருப்பதுதான் ஆபத்து. ஓட்டியவர் யார் என்று சொல்லத் தவறினால் அதுவே தனிக் குற்றம். அதற்கு லைசனில் 6 புள்ளிகள் ஏறும். 1,000 பவுண் வரை தண்டமும் விதிக்கப்படலாம். வேகமாகப் போனதற்கு 3 புள்ளி, வாய் திறக்காமல் இருந்ததற்கு 6 புள்ளி! காப்புறுதி நிறுவனங்களும் இந்த இரண்டாவது குற்றத்தையே அதிகம் வெறுக்கின்றன.

வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் இளம் குடும்பங்களுக்கு இன்னொரு வார்த்தை. வீடு மாறியதும் லைசனிலும் காரின் பதிவுப் பத்திரத்திலும் விலாசத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். நீங்கள் அறியாமலே நீதிமன்றம் உங்களைக் குற்றவாளியாகத் தீர்த்துவிடும். பிறகு சத்தியக் கூற்று எழுதிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

ஓட்டியவர் பெயரை எழுதி அனுப்பிய பின் மூன்றில் ஒன்று நடக்கும். 37 மைல் போன்ற சிறிய மீறலுக்கு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலும் ஒரு வகுப்புக்கு அழைப்பார்கள். சில மணி நேர வகுப்பு. வீட்டிலிருந்தே கணினி மூலமும் பங்குபற்றலாம். கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் தண்டமும் இல்லை, புள்ளியும் இல்லை. கடந்த 3 ஆண்டுகளுக்குள் இதே வகுப்புக்குப் போனவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. வகுப்பு கிடைக்காவிட்டால் 100 பவுண் தண்டமும் 3 புள்ளிகளும். வேகம் மிக அதிகம் என்றால் நீதிமன்றம். அங்கே தண்டம் வருமானத்தைப் பார்த்துக் கணிக்கப்படும். வகுப்பு கிடைத்தால் யோசிக்காமல் போய்விடுங்கள். ‘பள்ளிப் பிள்ளை மாதிரி வகுப்பில் உட்காருவதா?’ என்று சில ஆண்கள் மீசையை முறுக்குவதுண்டு. மீசை முறுக்கினால் புள்ளி குறையாது.

வேக எல்லையே தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் தெரு விளக்குகள் வரிசையாக உள்ள வீதியில் வேறு பலகை எதுவும் இல்லாவிட்டால் எல்லை 30 மைல். நம் கணக்கில் ஏறத்தாழ 48 கிலோமீற்றர். வேல்ஸிலோ 2023 செப்டம்பரிலிருந்து இத்தகைய வீதிகளில் பொதுவான எல்லை 20 மைலாகக் குறைக்கப்பட்டது.

‘உங்கட பேரை எழுதுவம்’

இனித்தான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அன்று ஓட்டியது கணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் லைசனில் ஏற்கெனவே 9 புள்ளிகள் இருக்கின்றன. 3 ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் வழக்கமாகக் குறைந்தது 6 மாதத்துக்கு ஓட்ட முடியாது. டெக்சி ஓட்டியோ, வீடு வீடாகப் பொருள் விநியோகித்தோ உழைப்பவர் என்றால் அடுப்பே அணைந்துவிடும். அப்போது அவர் மெல்ல ஆரம்பிப்பார்: “உங்கட லைசன் சுத்தமாத்தானே இருக்கு? உங்கட பேரை எழுதி அனுப்புவம்.”

சில வீடுகளில் இந்த யோசனை இங்கிருந்தே போகிறது. “மகள், அவருக்கு வேலைக்குப் போக லைசன் வேணுமே, நீங்க ஏத்துக்கொண்டா என்ன?” என்று மாமி சொன்னால் மருமகளால் எப்படி மறுக்க முடியும்? மாமிமாரே, நீங்கள் கேட்பது ஒரு சின்ன உதவி அல்ல. பொய் கூறுதல் பற்றி மார்க்கம் சொல்வது நாமெல்லோரும் அறிந்ததே. அந்நாட்டுச் சட்டத்தில் இது நீதியின் போக்கைத் திரிக்கும் குற்றம். சிறைத் தண்டனைக்குரியது.

‘இதற்கெல்லாமா சிறை?’ என்று கேட்பீர்கள். பிரித்தானிய அமைச்சராக இருந்த கிறிஸ் ஹூனின் கதையைக் கேளுங்கள். 2003 மார்ச்சில், அவர் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அவரது கார் கமராவில் சிக்கியது. லைசனை இழக்கும் நிலையில் இருந்த அவருக்குப் பதிலாக, அவருடைய மனைவி விக்கி பிரைஸ் தாமே ஓட்டியதாக எழுதி அனுப்பி, அந்த 3 புள்ளிகளை ஏற்றுக்கொண்டார். விக்கி பிரைஸ் படிப்பறிவில்லாதவரா? நாடறிந்த பொருளாதார நிபுணர்! ஏழு ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 2010ல் அவர்களது திருமண வாழ்வு முறிந்தது. 2011ல் விஷயம் பத்திரிகைகளுக்கு வந்தது. 2012 பெப்ரவரியில் ஹூன் அமைச்சர் பதவியைத் துறந்தார். 2013 மார்ச்சில் இருவருக்கும் ஆளுக்கு 8 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கணவர் வற்புறுத்தியதால்தான் செய்தேன் என்று அந்தப் பெண் வாதாடினார். கணவர் முன்னிலையில் அவரது வற்புறுத்தலால் மனைவி குற்றம் செய்தால் அதை எதிர்வாதமாக முன்வைக்கலாம் என்றொரு பழைய சட்டம் அப்போது இருந்தது. ஜூரிகள் அதை ஏற்கவில்லை. 2014ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டுவிட்டது. இன்று ஒரு மனைவிக்கு அந்தப் பாதையும் இல்லை. இவ்வளவும் எதற்காக? லைசனைக் காப்பாற்றத்தானே? அதே ஆண்டில், ஓட்டும்போது கைத்தொலைபேசி பாவித்ததற்காக ஹூன் லைசனை எப்படியும் இழந்துவிட்டார்!

சகோதரிகளே, மறுப்பது எளிதல்ல என்பதை நான் அறிவேன். ஆனால் உங்கள் கையொப்பம் உங்களுடையது. “நான் ஓட்டவில்லையே, எப்படி எழுதுவது?” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். நீதிமன்றம் வரை போய்த் தமது குடும்பக் கஷ்டத்தை எடுத்துச் சொல்ல அவருக்கு வழி உண்டு. சட்டத்தரணியைப் பார்க்கட்டும்.

காப்புறுதி கேட்கும் கேள்வி

காப்புறுதி கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதத்துக்குள் இங்கே நுழையவில்லை. அந்நாட்டில் காப்புறுதி இல்லாமல் காரை வீதியில் ஓட்டுவது குற்றம். ஆகவே எல்லோரிடமும் ஒன்று இருந்தே தீரும்.

முதல் முறையாக 3 புள்ளிகள் ஏறினால் கட்டணம் எவ்வளவு கூடும்? ஒரே விலை கிடையாது. வயது, வசிக்கும் இடம், காரின் வகை, எத்தனை ஆண்டு ஓட்டியவர் என்பவற்றோடு சேர்த்துத்தான் புள்ளிகளையும் கணக்கில் எடுக்கிறார்கள். சில நிறுவனங்கள் சிறிது கூட்டும். சில கூட்டாமலும் விடும். இளைஞர்களுக்கும் புதிதாக ஓட்டுபவர்களுக்கும் கொஞ்சம் உறைக்கும். ஆகவே பழைய நிறுவனத்தோடு நின்றுவிடாமல் நாலு இடத்தில் விலை கேளுங்கள். விபத்துப் பணம் கோராமல் கழித்த ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் கழிவு, வேகக் குற்றத்தால் பறிபோகாது. அது கோரிக்கையைப் பொறுத்தது.

இவ்வளவுதான் அந்தக் ‘காப்புறுதிப் பூதம்’. ஆனால் புள்ளிகளை மறைத்தால்?

2012ல் நிறைவேறி 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வதைக் காப்புறுதி எடுப்பவரின் கடமையாக்கியிருக்கிறது. வேண்டுமென்றே மறைத்தால் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கி, கோரிக்கையை மறுத்து, கட்டிய பணத்தையும் நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவால் விட்டிருந்தால் விகிதப்படி வெட்டலாம். உண்மையைச் சொல்லியிருந்தால் 1,000 பவுண் கேட்டிருப்பார்கள், நீங்கள் கட்டியதோ 800 என்றால், 5,000 பவுண் நட்டத்துக்கு 4,000 மட்டுமே கைக்கு வரும். விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாமவருக்கு நிறுவனம் பணம் கொடுக்க நேர்ந்தாலும், அதை உங்களிடமே திரும்பக் கேட்கக்கூடும். உங்கள் காப்புறுதி எப்போதாவது இரத்துச் செய்யப்பட்டதா என்ற கேள்வி பின்னால் ஒவ்வொரு படிவத்திலும் துரத்தும். மறைத்தால் தெரியாது என்றும் எண்ண வேண்டாம். லைசன் இலக்கத்தைக் கொண்டு அரசாங்கப் பதிவைப் பார்க்கும் வசதி காப்புறுதி நிறுவனங்களுக்கு உண்டு.

மறைக்க நினைக்காமலே பெண்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன. ஆண்டுதோறும் தானாகவே புதுப்பிக்கப்படும் காப்புறுதிக்கு ஒரு கடிதம் வரும்: ‘உங்கள் விபரங்கள் சரியா என்று பாருங்கள்.’ பார்க்காமல் மூலையில் வைத்தால், பழைய விபரம் இன்னும் சரி என்று நீங்கள் சொன்னதாகவே கொள்ளப்படலாம். அடுத்தது, உங்கள் காப்புறுதியில் கணவரும் ஓட்டுநராகச் சேர்க்கப்பட்டிருந்தால் அவருடைய புள்ளிகளையும் நீங்களே சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவாகாது. இன்னொன்று, வேகக் குற்றத்துக்கான புள்ளிகள் லைசனில் 4 ஆண்டுகளே இருக்கும். ஆனால் காப்புறுதிப் படிவம் 5 ஆண்டுகளைக் கேட்கலாம். லைசன் வெறுமையாகிவிட்டதே என்று ‘இல்லை’ போட்டுவிடாதீர்கள்.

வகுப்புக்குப் போனவர்கள் என்ன செய்வது? வகுப்பு ஒரு தண்டனையாகக் கருதப்படுவதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பதுமில்லை. கேட்கும் படிவமும் உண்டு, கேட்டால் சொல்லிவிடுங்கள்.

இங்கே 20 ஆண்டு ஓட்டியிருந்தாலும்

கண்டியிலோ கல்முனையிலோ எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும், இலங்கை லைசனை அங்கே கொடுத்து மாற்றிக்கொள்ள முடியாது. குடியேறியவர் 12 மாதம் வரை அதைக் கொண்டு ஓட்டலாம். பிறகு அந்நாட்டுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சித்தியடைந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு அவர் சட்டத்தின் கண்ணில் புதிய ஓட்டுநர். 1997 ஜூனிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி, இந்த 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் லைசன் இரத்தாகும். எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை இரண்டையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

அதாவது இரண்டு சிறிய வேகக் குற்றங்கள் போதும். அல்லது பதில் எழுதாமல் விட்ட ஒரே ஒரு கடிதம் போதும். கணவரின் 3 புள்ளிகளை ஏற்கச் சொல்லி இத்தகைய புதிய ஓட்டுநரிடம் கேட்பவர்கள், அவருடைய லைசனின் பாதியைக் கேட்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளட்டும்.

உங்கள் லைசனில் என்ன இருக்கிறது என்பதை லைசன் வழங்கும் அரச அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். லைசன் இலக்கம், தேசியக் காப்புறுதி இலக்கம், தபால் குறியீடு மூன்றும் கையில் இருந்தால் சரி. படிவம் நிரப்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தண்டம் கட்டும்படி கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்து, அதிலுள்ள இணைப்பை அழுத்தச் சொன்னால் அழுத்த வேண்டாம். இந்த முதற் கடிதம் தபாலில் வருவது. 4 ஆண்டு முடிந்ததும் புள்ளிகள் தாமாகவே நீங்கிவிடும். அதை நீக்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால், கதவைச் சாத்திவிடுங்கள்.