ஏஸ் விழுந்தால் செலவா, வரவா?

கால்ஃப் ஆட்டத்தில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் இறக்கியவருக்கு முதலில் கைத்தட்டல் கிடைக்கும். அடுத்து, கிளப்ஹவுஸில் பில் வரும். அந்த நேரத்தில் பாரில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு சுற்று மது வாங்கித் தருவது அவர் பொறுப்பு என்பது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊறிப்போன வழக்கம். ஜப்பானில் செலவு அதோடு நிற்பதில்லை. விருந்து, உடன் ஆடியவர்களுக்குப் பரிசுப் பொருள், ஆட்டப் பையைச் சுமந்துவரும் கேடிக்கு அன்பளிப்பு, மைதானத்தில் நினைவு மரம் என்று பட்டியல் நீளும். அந்தச் செலவை ஈடுகட்டவே அங்கே ‘ஹோல் இன் ஒன்’ காப்பீடு விற்கிறார்கள். நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் பாலிசி எடுப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்; நல்ல நேரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து பாலிசி எடுக்கிறவர்கள் இவர்கள்தான்.

டிஸ்க் கால்ஃபில் பணம் எதிர்த்திசையில் பாய்கிறது. ஒரே எறியில் தட்டைக் கூடைக்குள் விழவைத்தவர் தன் பர்ஸைத் தொட வேண்டியதில்லை. சுற்றி நிற்பவர்கள்தான் தங்கள் பர்ஸைத் திறக்கிறார்கள்.

கால்ஃபின் விதிகளைப் பெருமளவு கடன் வாங்கிய ஆட்டம் இது. பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய உலோகக் கூடை, அதற்கு மேலே தட்டைத் தடுத்து நிறுத்தத் தொங்கும் சங்கிலிகள். எறியும் மேடையிலிருந்து கூடைவரை எத்தனை எறி என்பதே கணக்கு. குறைவாக எறிந்தவர் வெல்வார். முதல் எறியே கூடைக்குள் போய் நின்றுவிட்டால் அதற்கு ‘ஏஸ்’ என்று பெயர். உலகம் முழுவதும் 15,000-க்கும் மேற்பட்ட டிஸ்க் கால்ஃப் தளங்கள் இருக்கின்றன. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக ஃபின்லாந்து, சுவீடன், எஸ்தோனியா போன்ற வட ஐரோப்பிய நாடுகளில் இந்த ஆட்டத்துக்குப் பித்துப்பிடித்த ரசிகர்கள் உண்டு.

பணம் ஏன் திசை மாறியது என்பதற்கு ஆட்டம் பிறந்த இடமே பாதி பதில் சொல்லிவிடுகிறது. வாம்-ஓ பொம்மை நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக், இன்றைய ஃபிரிஸ்பியின் வடிவத்துக்கு 1967-இல் காப்புரிமை பெற்றவர். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் தளம் அவர் முயற்சியில் உருவானது. அடுத்த ஆண்டே ‘புரொஃபஷனல் டிஸ்க் கால்ஃப் அசோசியேஷன்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். பி.டி.ஜி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதில் முதல் எண் உறுப்பினரும் அவரே. சங்கிலிக் கூடைக்கான காப்புரிமை 1977-இல் வந்தது. ஆக, ஆரம்பம் முதலே இது பொதுப் பூங்காவின் ஆட்டம். பெரும்பாலான தளங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. கிளப்ஹவுஸ் இல்லை, பார் இல்லை. பல நகராட்சிப் பூங்காக்களில் மதுபாட்டிலைத் திறப்பதே சட்டப்படி குற்றம். சந்தா கட்டிச் சேரும் கிளப்பில் பிறந்த வழக்கம், காரை நிறுத்திவிட்டு நேராக மரங்களுக்கு நடுவே நடக்கும் இடத்தில் எப்படிச் செல்லுபடியாகும்?

இன்னொரு காரணம், ஏஸ் கால்ஃபில் விழுவதைவிட இங்கே அடிக்கடி விழுகிறது. கால்ஃப் குழியின் விட்டம் 10.8 செ.மீ. சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் குறுகிய குழியில் ஒரே அடியில் பந்தை இறக்க 12,500-இல் ஒரு வாய்ப்பு என்பது அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. டிஸ்க் கால்ஃபில் 60 முதல் 100 மீட்டர் தூரத்தில் கூடை நிற்கும் ‘ஹோல்’கள் ஏராளம். கூடையும் சங்கிலியும் கால்ஃப் குழியைவிடப் பல மடங்கு பெரிய இலக்கு. வாரம் தவறாமல் ஆடுபவர்களில் கையில் ஒன்றிரண்டு ஏஸாவது வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அபூர்வமாக நடப்பதற்கு ஒருவரே ஊருக்கு விருந்து வைக்கலாம். அடிக்கடி நடப்பதற்கு அது கட்டுப்படியாகாது.

பணத்துக்கு முன்னால் வருவது கையெழுத்து. ஏஸ் விழுந்ததும் கத்தலும் கட்டிப்பிடித்தலும் ஓய்ந்தபின், யாராவது பையிலிருந்து ஷார்ப்பி மார்க்கரை எடுப்பார்கள். ஒரே ஸ்கோர் கார்டில் சேர்ந்து ஆடுபவர்களின் குழுவையே ‘கார்டு’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கார்டில் இருந்த ஒவ்வொருவரும், பக்கத்து மேடையிலிருந்து பார்த்தவர்களும்கூட, தட்டின் அடிப்பகுதியில் கையெழுத்திடுவார்கள். தளத்தின் பெயர், எத்தனையாவது ஹோல், தேதி ஆகியவையும் அதில் ஏறும். சிலர் தூரத்தையும் எழுதிக்கொள்கிறார்கள். முதலில் கூடையோடு நின்று ஒரு படம் எடுப்பதும் கிட்டத்தட்ட சடங்காகிவிட்டது; தட்டைக் கூடையிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே அந்தப் படம் எடுக்கப்பட வேண்டும்.

இந்தக் கையெழுத்துக்கு நடைமுறைத் தேவையும் உண்டு. தனியாக ஆடப் போனவர் ஏஸ் எறிந்தேன் என்று வந்து சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். யு-டிஸ்க் போன்ற செயலிகளில் அதைப் பதிவு செய்துகொள்ளத் தடையில்லை, ஆனால் தட்டில் கையெழுத்து இருக்காது. ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தருவதற்கு உடன் ஆடியவரின் சாட்சியும் கேடி போன்ற மைதான ஊழியரின் சாட்சியும், இல்லாவிட்டால் வீடியோவும் கேட்பதுபோல, இங்கே அந்த வேலையை ஒரு மார்க்கர் பேனா செய்துவிடுகிறது.

எது ஏஸ், எது இல்லை என்ற தகராறு அதற்கும் முன்னால் தீர வேண்டும். தட்டு சங்கிலியில் மோதி வெளியே தெறித்தால் கணக்கில்லை. எத்தனை அழகான எறியானாலும் அடுத்த எறிக்குக் குனிந்து தட்டை எடுக்க வேண்டியதுதான். கூடையின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டாலும் இல்லை. கூடையின் மேல் விளிம்புக்கும் சங்கிலியைத் தாங்கும் வளையத்துக்கும் இடையில் நுழைந்து, கூடையிலோ சங்கிலியிலோ தங்க வேண்டும் என்கிறது விதி. தரையில் பட்டுத் துள்ளிப் போனது, மரத்தில் மோதித் திரும்பிப் போனது, விளிம்பில் சக்கரம்போல் உருண்டு போய் எகிறி விழுந்தது எல்லாம் செல்லும். மரத்தில் பட்டு விழுந்த ஏஸுக்குக் கையெழுத்துப் போடும்போது நண்பர்கள் அந்த மரத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள் என்பது தனி. ஒருமுறை தவறவிட்டு, பயிற்சிக்காக இரண்டாவது தட்டை எறிந்து அது உள்ளே விழுந்தால் மட்டும் யாரும் மார்க்கரைத் தேடுவதில்லை.

இனி பணம். சும்மா பொழுதுபோக்காக நண்பர்கள் ஆடும்போது பல இடங்களில் உள்ள வழக்கம் எளிமையானது: கார்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஏஸ் எறிந்தவருக்கு ஒரு டாலர் தர வேண்டும். நம் கல்யாண வீட்டு மொய்யை நினைவுபடுத்தும் ஏற்பாடு. ஆனால் நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை கிடையாது. மூன்று பேர் நீட்டும் மூன்று டாலர், எறிந்த தட்டின் விலையில் பாதிகூட இருக்காது. அதை யாரும் வேண்டாம் என்று மறுப்பதும் இல்லை.

வாராந்திர லீக்குகளில் விஷயம் கொஞ்சம் பெரிது. அங்கேதான் ‘ஏஸ் பாட்’ வருகிறது. ஆட்டம் தொடங்குமுன் பெயர் கொடுக்கும்போதே, விருப்பமுள்ளவர்கள் ஒன்றோ இரண்டோ டாலர் தனியாகப் போடுவார்கள். அன்று யாருக்காவது ஏஸ் விழுந்தால் மொத்தமும் அவருக்கு. விழாவிட்டால் பணம் அடுத்த வாரத்துக்குப் போகும், அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்த வாரம். 30 பேர் தலைக்கு ஒரு டாலர் போடும் லீக்கில் பத்து வாரம் ஏஸே விழவில்லை என்று வைத்துக்கொண்டால் உண்டியலில் 300 டாலர் நிற்கும். லீக்கில் முதலிடம் பிடித்தவருக்கு அன்று கிடைப்பதைவிட அது பல மடங்கு இருக்கும். பாட் பெருகப் பெருகக் கூட்டமும் கூடும். பல வாரமாக எட்டிப்பார்க்காதவர்கள் எல்லாம் சரியாக அந்த வாரம் கிளம்பி வருவார்கள்.

இதில் மிகக் கொடுமையான விதி ஒன்றுண்டு. பணம் போட்டவருக்கு மட்டுமே பாட். ஒரு டாலரை மிச்சம் பிடித்தவருக்கு ஏஸ் விழுந்தால் கைதட்டலும் கையெழுத்தும் முழுசாகக் கிடைக்கும், பாட் அப்படியே அடுத்த வாரத்துக்குப் போகும். டிஸ்க் கால்ஃப் ஆடுபவர்கள் கூடும் இடத்தில் இப்படி நழுவவிட்டவரின் கதை ஒன்றாவது கட்டாயம் சொல்லப்படும். சொல்லப்படும் தொகை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடிக்கொண்டே போவதையும் கவனிக்கலாம்.

மற்றபடி ஊருக்கு ஒரு சட்டம். ஒரே நாளில் இரண்டு ஏஸ் விழுந்தால் பாதி பாதி என்பது பெரும்பாலான லீக்குகளின் வழக்கம். தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் மீதியை இரண்டாவது பாட்டாக ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. ஒருவர் அள்ளிக்கொண்டு போன மறுவாரம் உண்டியல் காலியாக இருந்தால் யாருக்கும் உற்சாகம் இராது என்ற முன்யோசனை அது. இருவர் இருவராக ஆடும் டபுள்ஸ் லீக்கில்தான் சிக்கல் அதிகம். எறிந்தவருக்கே முழுவதும் என்பார் ஒருவர், கூட்டாளிக்குப் பாதி என்பார் இன்னொருவர். அனுபவமுள்ள லீக் பொறுப்பாளர்கள் இதை முதல் எறிக்கு முன்பே அறிவித்துவிடுவார்கள். பணம் கைக்கு வந்தபின் பேசித் தீர்க்கிற விஷயமில்லை இது.

பி.டி.ஜி.ஏ. விதிப்படி அமெச்சூர் பிரிவில் ஆடுபவர் வெற்றிக்குப் பணப்பரிசு வாங்க முடியாது. தட்டு, பை, கடைக் கூப்பன் என்று பொருளாகத்தான் கிடைக்கும். தொழில்முறைப் பிரிவில் ஆடிப் பணம் வாங்கிக்கொண்டால் அமெச்சூர் தகுதி போய்விடும். ஆனால் ஏஸ் பாட்டுக்கு விதிவிலக்கு உண்டு. அதில் ரொக்கமாகவே வாங்கிக்கொள்ளலாம், தகுதிக்குக் கேடில்லை. கால்ஃபிலும் 2012 முதல் இதே தாராளம்: அமெச்சூர்களுக்கான பரிசு வரம்பு, ஒரு சுற்று ஆட்டத்தின் நடுவே விழுந்த ‘ஹோல் இன் ஒன்’னுக்குப் பொருந்தாது. இரண்டு விதிப்புத்தகங்களும் ஒரே தீர்ப்பைத்தான் வழங்கியிருக்கின்றன. இது உழைப்புக்கான கூலி இல்லை, விழுந்த காசு.

ஆட்டக்காரர்கள் அதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கூடையைக் குறிவைத்து நேராக, வேகமாக எறிவதற்கு ‘ஏஸ் ரன்’ என்று பெயர். உள்ளே விழாவிட்டால் தட்டு கூடையைத் தாண்டிப் பத்துப் பதினைந்து மீட்டர் பறந்துவிடும். திரும்பி எறிந்து முடிப்பதற்குள் சுலபமான இரண்டு மூன்றாகிவிடும், மூன்று நான்காகவும் ஆகலாம். அதனால் முன்னணியில் இருப்பவர் கூடைக்கு அருகில் மெதுவாக இறக்கிவைத்துவிட்டு இரண்டாவது எறியில் முடிப்பார். பின்தங்கி, இழக்க எதுவும் இல்லாதவர்தான் ஏஸுக்குப் போவார். உண்டியலில் 300 டாலர் சேர்ந்த வாரத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது: லீக்கை வென்றால் கிடைப்பதைவிட ஒரே எறியில் கிடைக்கப்போவது அதிகம் என்னும்போது, நிதானமான ஆட்டக்காரரும் கையை ஓங்கி வீசுவார். ஏஸ் பாட் ஆட்டத்தின் தரத்தைக் கெடுக்கிறது என்று முணுமுணுப்பவர்கள் இருப்பது இதனால்தான். அவர்களும் அந்த ஒரு டாலரைப் போடத் தவறுவதில்லை.

மிச்சிகனைச் சேர்ந்த டிஸ்கிராஃப்ட் என்ற தட்டுத் தயாரிப்பு நிறுவனம் இந்த ஆசையையே தனிப் போட்டியாக்கிவிட்டது. ‘ஏஸ் ரேஸ்’ என்று அதற்குப் பெயர். நுழைவுக் கட்டணம் கட்டிய எல்லோருக்கும், கடைக்கு இன்னும் வராத மாதிரித் தட்டுகளைத் தருவார்கள். அந்தத் தட்டுகளால் மட்டுமே எறிய வேண்டும். குறுகிய தூரங்களில் ஒவ்வொருவரும் ஏஸுக்கு முயல்வார்கள். அதிக ஏஸ் விழுந்தவர் வெற்றி. கூடையின் உலோகத்தில் பட்டு வெளியே தெறித்தவையும் எண்ணப்படும். வழக்கமான ஆட்டத்தில் வெறும் பெருமூச்சாக முடியும் எறிக்கு மதிப்புக் கிடைக்கும் இடம் அது.

ஏஸ் விழுந்த தட்டை என்ன செய்வது என்பதில் ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சி. கையெழுத்தோடு சுவரில் மாட்டிவைத்து அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. இவ்வளவு ஒழுங்காகப் பறக்கும் தட்டை ஆணியில் தொங்கவிடுவது வீண், மசி அழிந்து போகும்வரை எறி என்பது மறு கட்சி. தட்டின் விலை பத்து முதல் இருபது டாலர்தான் என்பதால், அதே அச்சில் இன்னொன்று வாங்கிக்கொண்டு முதலாவதைச் சுவருக்கு அனுப்புவது நடுவழி. ஆனால் ஒரே அச்சில் வந்தாலும் இரண்டு தட்டுகள் ஒரே மாதிரிப் பறப்பதில்லை என்று சத்தியம் செய்கிறவர்களிடம் இந்தச் சமாதானம் எடுபடாது. இந்தப் பிடிப்பை வெறும் பிளாஸ்டிக் மோகம் என்று தள்ளிவிடவும் முடியாது: 2002-இல் எட் ஹெட்ரிக் காலமானபோது அவர் அஸ்தியின் ஒரு பகுதியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து நினைவுத் தட்டுகள் வார்க்கப்பட்டன. அவர் விருப்பப்படியே அது நடந்தது.

சீசன் முடிந்தும் பாட்டை யாரும் எடுக்கவில்லை என்றால் அதற்கும் முறை இருக்கிறது. கடைசி ஆட்டத்துக்குப் பிறகு, பணம் போட்ட எல்லோரும் ஒரே மேடையில் வரிசையில் நின்று தலைக்கு ஒரு தட்டு எறிவார்கள். உள்ளே விழுந்தால் உடனே தீர்ந்தது. விழாவிட்டால் கூடைக்கு மிக அருகில் நிறுத்தியவருக்குத் தொகை. ஒருவர் டேப்பைக் கூடையடியில் பிடித்துக்கொள்ள, மற்றவர் செ.மீ. கணக்கில் அளப்பார். சில சங்கங்கள் அதில் ஒரு பங்கைத் தளத்துக்கே திருப்பி, அறுந்த சங்கிலியை மாற்றவும் மழையில் அரித்துப்போன மேடைக்குச் சிமெண்ட் போடவும் செலவிடுகின்றன. அடுத்த சீசனில் புது உண்டியல் ஒரு டாலரிலிருந்து தொடங்கும்.