அணை நீர்மட்டமும் அச்சாகும் எண்ணும்: சி மொழியில் மிதப்புப் புள்ளி எண்களின் வெளியீட்டு வடிவமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

சி மொழியின் பிரின்ட்எஃப் செயற்கூறு, கணினி நினைவகத்திலுள்ள மிதப்புப் புள்ளி எண்ணைத் தசம எண்ணாக மாற்றி அச்சிடுகிறது. இம்மாற்றத்தில் நிகழும் முழுமைப்படுத்தல், பள்ளிக்கணக்கில் பயின்ற முறையினின்றும் வேறுபடுகிறது. வைகை, முல்லைப்பெரியாறு அணைகளின் நீர்மட்ட அளவுகளையும் தமிழ்ப் பின்ன எண்களையும் சான்றாகக் கொண்டு அவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சி மொழி, மிதப்புப் புள்ளி எண், முழுமைப்படுத்தல், வைகை அணை, முந்திரி.

முன்னுரை

வருசநாட்டு மலைகளில் தோன்றும் மூல வைகை, கடமலைக்குண்டு வழியாக ஓடி ஆண்டிபட்டிக்கு அருகிலுள்ள வைகை அணையை அடைகிறது. 1959இல் திறக்கப்பட்ட இவ்வணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதற்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் கட்ட எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் கட்ட எச்சரிக்கையும் விடுக்கப்படுகின்றன. இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்கு இடையே அரை அடியே உள்ளது. இந்த அரை அடியை ஒரு நிரல் எவ்வாறு அச்சிடும் என்பதே இக்கட்டுரையின் தொடக்க வினா.

குறிப்பு: வடிவமைப்புக் குறிகளில் வரும் ஆங்கில எழுத்துகள் இங்குத் தமிழில் ஒலிபெயர்க்கப்பட்டுள்ளன. நிரலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளாக எழுதுதல் வேண்டும்.

வடிவமைப்புக் குறியின் உறுப்புகள்

%8.2எஃப் என்னும் குறியில் 8 என்பது குறைந்தபட்ச அகலம்; 2 என்பது புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களின் எண்ணிக்கை, அதாவது துல்லியம். துல்லியம் குறிக்கப்படாவிடின் ஆறு இலக்கங்கள் அச்சாகும். எஃப் வழக்கமான தசம வடிவையும், இ பத்தின் அடுக்கு வடிவையும் தரும். ஜி, எண்ணின் அளவுக்கேற்ப இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். ஃப்ளோட் தரவின மதிப்பு பிரின்ட்எஃப்பிற்கு அனுப்பப்படும்போது டபுள் தரவினமாக உயர்த்தப்படுவதால் இரண்டிற்கும் ஒரே குறி போதுமானது. ஆயினும் ஃப்ளோட்டில் முன்னரே இழந்த துல்லியம் இவ்வுயர்த்தலால் மீள்வதில்லை.

சரிபாதியின் சிக்கல்

68.5 என்னும் எண் இருநிலை எண்முறையில் பிழையின்றிச் சேமிக்கப்படக் கூடியது; அரை என்பது இரண்டின் அடுக்கே. இதனை %.0எஃப் கொண்டு அச்சிட்டால், லினக்ஸில் பயன்படும் ஜிஎன்யு சி நூலகம் 68 எனத் தருகிறது. சரிபாதியாக நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுசெல்வது ஐஇஇஇ 754 தரத்தின் இயல்பான விதி. மைக்ரோசாஃப்ட் நூலகமோ விண்டோஸ் 10இன் 2004ஆம் பதிப்புக்கு முன்புவரை இத்தகைய எண்களை மேல்நோக்கியே முழுமைப்படுத்தியது; அதன்படி 69 அச்சாகும். அப்பதிப்பு முதல் அதுவும் ஐஇஇஇ விதியைப் பின்பற்றுகிறது.

எனவே ஒரே நீர்மட்டம் ஒரு கணினியில் இரண்டாம் கட்ட எச்சரிக்கைக்குக் கீழும், மற்றொரு கணினியில் மூன்றாம் கட்டத்திலும் இருப்பதாகத் தோன்றும். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

சரிபாதி போலத் தோன்றுவன

முல்லைப்பெரியாறு அணையில் 142 அடி வரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. விளக்கத்திற்காக நீர்மட்டம் 141.95 அடி எனக் கொள்வோம். இதனை ஓரிலக்கத் துல்லியத்தில் எழுதச் சொன்னால் பள்ளி மாணவர் 142.0 என எழுதுவார். %.1எஃப் தருவதோ 141.9.

இங்கு இரட்டைப்படை விதி செயற்படவில்லை. அவ்விதியின்படியும் 142.0 என்பதே வந்திருக்க வேண்டும். உண்மைக் காரணம் சேமிப்பில் உள்ளது. 95/100 என்பதைச் சுருக்கினால் 19/20. பகுதியில் 5 என்னும் காரணி இருப்பதால் இருநிலை எண்முறையில் இப்பின்னம் முடிவுறாது நீள்கிறது. டபுள் தரவினத்தின் 53 பிட்களுக்குள் அதனை அடக்கும்போது மிகச் சிறு குறை நேர்கிறது. %.17எஃப் கொண்டு அச்சிட்டால் 141.94999999999998863 என அது வெளிப்படும். பிரின்ட்எஃப் நாம் எழுதிய எண்ணை அன்று, சேமிக்கப்பட்ட எண்ணையே முழுமைப்படுத்துகிறது. இதே மதிப்பை ஃப்ளோட்டில் சேமித்தால் குறை இன்னும் பெரிதாகி, வெறும் %எஃப் குறிக்கே 141.949997 என அச்சாகும்.

தமிழ்ப் பின்னங்கள் காட்டும் எல்லை

தமிழ்ப் பின்ன எண்களை இந்நோக்கில் இருவகையாகப் பிரிக்கலாம். அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16) ஆகியவை இரண்டின் அடுக்குகளைப் பகுதியாகக் கொண்டவை; பிழையின்றிச் சேமிக்கப்படும். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஆகியவற்றின் பகுதியில் 5 இருப்பதால் அவை தோராயமாகவே சேமிக்கப்படும்.

%.3எஃப் கொண்டு மாகாணியை, அதாவது 0.0625ஐ, அச்சிட்டால் 0.062 கிடைக்கும்; அது உண்மையான சரிபாதி, இரட்டைப்படை விதிக்கு உட்பட்டது. காணியை, அதாவது 0.0125ஐ, அச்சிட்டால் 0.013 கிடைக்கும், அதன் சேமிப்பு மதிப்பு உண்மை மதிப்பைவிடச் சற்றே மிகுந்தது. தாளில் ஒரே இயல்புடையனவாகத் தோன்றும் இரண்டு எண்கள் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன.

முந்திரி 0.003125, %எஃப்பின் ஆறு இலக்கங்களுக்குள் சரியாக அடங்குகிறது. %.2எஃப் கொடுத்தால் 0.00 என மறைந்துவிடும். கீழ்முந்திரி (1/1,02,400) ஆறு இலக்கங்களில் 0.000010 எனத் திரியும். அதற்கு %இ குறியே பொருந்தும். இருமாவை (1/10) பத்து முறை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினால் டபுள் தரவினத்தில் 0.9999999999999999 கிடைக்கும். %.2எஃப் அதனை 1.00 என அச்சிடும். ஆயினும் நிரலில் அதனை 1உடன் ஒப்பிட்டால் இரண்டும் சமமல்ல என்றே விடை வரும்.

அட்டவணையும் தமிழ்ச் சொல்லும்

எண் நெடுவரிசை %8.2எஃப் கொண்டு நேராக அமையும். ஆனால் அருகில் ஊர்ப்பெயரைத் தமிழில் அச்சிட்டால் வரிசை குலையும். சரங்களின் அகலத்தைப் பிரின்ட்எஃப் பைட்களில் கணக்கிடுவதே காரணம். வருசநாடு என்னும் சொல் ஐந்து எழுத்து. ஒருங்குறியில் எட்டுக் குறியீடுகள். யுடிஎஃப்-8இல் 24 பைட்கள். 20 இட அகலம் குறித்தாலும் ஓர் இடைவெளியும் சேராது. இதனால் பின்வரும் எண்ணும் இடம் மாறும். பெயரை வரியின் இறுதியில் அமைப்பது எளிய தீர்வு.

முடிவுரை

இவ்விளக்கத்தினின்றும் நான்கு நெறிகள் பெறப்படுகின்றன. வரம்பைத் தாண்டியதா என்பதை அச்சிட்ட எண்ணைக் கொண்டன்றி, அளந்த மதிப்பைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். அச்சிடும் துல்லியம் வரம்பின் துல்லியத்தைவிடக் குறைதல் ஆகாது, 68.5 என்னும் வரம்பு உள்ள இடத்தில் %.0எஃப் பொருந்தாது. ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை எழுத்து வடிவில் அனுப்பும்போது %.17ஜி பயன்படுத்தினால் டபுள் மதிப்பு மாறாது மீளும். அளவீடு அடியில் நூற்றில் ஒரு பங்கு வரையே எனில், 141.95ஐ 14195 என முழு எண்ணாகவே சேமித்து, அச்சிடும்போது மட்டும் புள்ளியை இடலாம்.

இறுதி நெறி தமிழ்க் கணக்கு மரபுக்குப் புதிதன்று. ஒன்று என்பது 320 முந்திரி எனக் கொண்டால் காணி நான்கு முந்திரி, மா பதினாறு முந்திரி, மாகாணி இருபது முந்திரி; எல்லாம் முழு எண்கள், எதுவும் முழுமைப்படுத்தலுக்கு உட்படாது. மிகச் சிறிய அலகைத் தெரிந்து அதனால் எண்ணும் அம்முறையைச் சி மொழி நிரலில் கையாள ஓர் இன்ட் மாறியே போதும்.