குழாயின் இரு முனைகள்

மணலியைப் பற்றிப் பேசுவோர் ஆலைகளைத் தனித்தனியே எண்ணுகிறார்கள். அவற்றுக்கு இடையே ஓடும் குழாய்களையும் சேர்த்துப் படித்தால்தான் இத்தொழிற்பகுதி விளங்கும் என்பது என் கருத்து.

1969-இல் இங்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1971-இல் அருகிலேயே மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் நிறுவனம் உற்பத்தியில் இறங்கியது. முதல் ஆலையின் நாப்தா, இரண்டாவதற்கு மூலப்பொருள். காய்கறி வாங்குபவர் விலை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். குழாய் பதித்தவர் அப்படிப் போக முடியாது. 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஆலிவர் வில்லியம்சன் வலியுறுத்தியது இதைத்தான்: ஒருவருக்காகவே செய்த முதலீடு, வேறெவருக்கும் அதே அளவு பயன்படாது. ஆகவே, விலையைவிட ஒப்பந்த விதிகளே முக்கியமாகின்றன. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் இணை இணையாக ஆராய்ந்த பால் ஜோஸ்கோ, சுரங்கத்தை ஒட்டியே அமைந்த நிலையங்கள் மிக நீண்டகால ஒப்பந்தங்களை நாடின என்று 1987-இல் காட்டினார்.

மணலியின் சிறந்த எடுத்துக்காட்டு தண்ணீர்தான். 1990-களின் தொடக்கத்திலிருந்தே இவ்விரு ஆலைகளும் சென்னைக் குடிநீர் வாரியத்திடமிருந்து கொடுங்கையூரில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை வாங்கி, சொந்த நிலையங்களில் மேலும் தூய்மைப்படுத்திப் பயன்படுத்தின. வாரியத்துக்கு வருவாய், ஆலைகளுக்கு வறட்சியிலும் வற்றாத ஊற்று, நகரத்துக்கு மிச்சமானது குடிநீர்.

2019-இல் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையத்தை வாரியமே கொடுங்கையூரில் தொடங்கியது. உர ஆலையோ நாப்தாவைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. ஒரு பிணைப்பு இறுகியது, இன்னொன்று அறுந்தது. அருகில் இருப்பது மட்டுமே உறவைக் காக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனவே, தண்ணீர் ஒப்பந்தத்தில் மூன்று கேள்விகளுக்குத் தெளிவான விடை இருக்க வேண்டும். நீரின் தரம் குறைந்தால் இழப்பு யாருடையது? நிலையம் பழுதானால் ஆலைக்கு மாற்று நீர் எங்கிருந்து வரும்? ஆலை தன் தேவையைக் குறைத்துக்கொண்டால், போட்ட முதலீட்டின் சுமையை யார் ஏற்பது?

இவை இரு நிறுவனங்களின் உள்விவகாரங்கள் அல்ல. மாற்று நீர் குடிநீர்க் குழாயிலிருந்து வருமானால், அந்த இழப்பைச் சுமப்பவர்கள் குடத்துடன் லாரிக்காகக் காத்திருப்பவர்களே. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத அந்த மூன்றாம் தரப்பு படித்து அறியும்படி, விதிகளை எளிய தமிழில் வெளியிடுவது வாரியத்தின் கடமை.