புற்றுநோய் நல மாநாடும் நம் சங்கங்களின் கடமையும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தூக்குவாளியில் சோறும் தோளில் துண்டுமாகப் பெண்கள் அவற்றில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். அந்தி மயங்கும் வேளையில் திரும்புகின்றனர். அவ்வேளையிலும் ஆண்டிபட்டி, சக்கம்பட்டித் தெருக்களில் தறியோசை ஓய்ந்திருப்பதில்லை. மலையில் உழைப்போரும் தறியில் உழைப்போரும் நம் சங்கங்களின் குடும்பத்தினரே. உடம்பில் தோன்றிய சிறு கட்டியையோ, வாயில் ஆறாத புண்ணையோ, ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவரிடம் காட்டும் வாய்ப்பு இவர்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை.

இந்நிலையில், புற்றுநோயாளருக்கும் பொதுமக்களுக்குமாக ஒரு நல மாநாட்டைச் சங்கங்கள் கூடி நடத்தலாம் என்னும் எண்ணம் உறுப்பினரிடையே எழுந்திருப்பது பெரிதும் வரவேற்கத் தக்கது. ஆயின், மாநாடு என்றவுடன் பந்தலும் ஒலிபெருக்கியும் மாலை மரியாதையுமே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. ஊர் கூடித் தேரிழுத்தல் சிறப்புத்தான். தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததா என்பதன்றோ கேள்வி? மாநாட்டின் வெற்றியை அன்று கூடிய கூட்டத்தைக் கொண்டு அளத்தல் கூடாது. அன்று நோய் ஐயத்திற்குள்ளானவருள் எத்தனை பேர் சிகிச்சையை முற்றுவித்தனர் என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இதனை நாம் நூல்களிலிருந்து மட்டும் கற்றோமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். தவணை தவறியோர் பட்டியலில் ஒரு பெண் உறுப்பினரின் பெயர் இருந்தது. மூன்று அறிவிப்புகள் அனுப்பப்பெற்றிருந்தன. செயலாளருடன் அவர் வீட்டிற்கே சென்றோம். தறி நின்றிருந்தது, பாவில் தூசு படிந்திருந்தது. அவ்வம்மையார் சுருக்குப்பையை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த தாள்களை நம்மிடம் நீட்டினார். மூன்று, சங்கத்தின் அறிவிப்புகள். நான்காவது, ஒரு மருத்துவ முகாமில் கொடுத்த சீட்டு; உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்க என்று அதில் எழுதியிருந்தது. எழுதி ஐந்து திங்களாகியிருந்தது.

“எல்லாம் சங்கத்துக் கடுதாசின்னு நெனச்சு ஒண்ணா வச்சிட்டேங்கய்யா” என்றார்.

கடன் தவணைக்காகச் சங்கம் அவரை மும்முறை தேடிற்று. உயிருக்கான அச்சீட்டைப் பற்றி ஒருவரும் ஒருமுறையேனும் கேட்கவில்லை. பின்னர் அவர் சிகிச்சை பெற்றார். ஆனால் காலம் கடந்திருந்தது. மறு ஆண்டு நாம் சென்றபோது, அவர் பெயர் காலமானோர் பட்டியலில் இருந்தது. தவணை அறிவிப்புகளை விரைந்து அனுப்புக என்று முந்தைய ஆய்வுக் குறிப்பில் எழுதியவரும் நாமே.

நமக்கு அண்டையிலுள்ள திண்டுக்கல் மாவட்டம் இத்துறையில் உலகிற்கே ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறித்துவ சமூக நல மையமும், பிரான்சு நாட்டு லியான் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் இணைந்து, 2000 முதல் 2003 வரை 30 முதல் 59 வயதுடைய பெண்களிடையே கருப்பைவாய்ச் சோதனை நடத்தின. சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர். அவர்கள் பயன்படுத்தியது, பட்டுச் சாயமிடுவோர் நன்கறிந்த அசெட்டிக் அமிலத்தின் மென்கரைசலே. அதனைத் தடவிச் சிறிது பொழுதில் வெண்மையாகத் தோன்றும் இடம் ஐயத்திற்குரியது. புற்றாக மாறுமுன் காணப்பெறும் அம்மாறுதலைக் கடுங்குளிரால் உறையவைத்து நீக்கிவிடலாம். அறுவையோ மருத்துவமனையில் தங்குதலோ தேவைப்படுவதில்லை.

இதன் பயன் யாது? சோதனைக்கு அழைக்கப்பெற்ற ஊர்களில், அழைக்கப்பெறாத ஊர்களைக் காட்டிலும், கருப்பைவாய்ப் புற்றால் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. இம்முடிவு 2007ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. இது நமக்குப் பெருமை தருவதே. எனினும் கணக்குப் பார்க்கும் கண்ணோடு அதனை மீண்டும் நோக்குவோம். அழைக்கப்பெற்றோர் 49,311 பேர். வந்தோர் 31,343 பேர். மூவரில் ஒருவருக்கு மேல் வரவில்லை. புற்றுக்கு முந்தைய மாறுதல் உள்ளவராகக் கண்டறியப்பெற்றோர் 1,874 பேர். அவருள் சிகிச்சை பெற்றோர் நூற்றுக்கு 72 பேர். செம்மையாகத் திட்டமிட்டு, வீடுதோறும் சென்று நடத்திய பணியிலேயே ஐந்நூறு பேருக்கு மேல் சிகிச்சை பெறாது நின்றுவிட்டனரெனில், ஒருநாள் மாநாட்டில் எத்துணைப் பேர் விடுபடுவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின், மாநாட்டிற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டுவனவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, காலம். ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை நீளும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் நெசவாளருக்கு ஓய்வேயிராது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்துவிடும். எனவே பங்குனியில் வார விடுமுறை நாளொன்றைத் தேர்தல் நன்று. மலைமீது தோட்டக் குடியிருப்புகளிலேயே தங்கி உழைப்போருக்கு அங்கேயே தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அவர்களைக் கீழே வரச் சொல்வது, வரவேண்டாம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, அழைப்பு. சுவரொட்டியைக் கண்டு பெண்கள் வரமாட்டார்கள். சங்கத்துப் பெண் உறுப்பினர்கள் இருவர் இருவராக வீடுதோறும் சென்று பேச வேண்டும். மாமியாரிடத்தும் கணவரிடத்தும் கூடப் பேச வேண்டும். ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு ஆகிய மூன்றையும் ஒருபோதும் மறைத்தலாகாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புகையிலை மெல்லும் வழக்கமுடைய ஆடவரும் பெண்டிரும் வாயைக் காட்டாது வீடு திரும்புதல் கூடாது.

மூன்றாவது, சிகிச்சைக்கான முன்னேற்பாடு. மேல் சிகிச்சைக்கு இடம் உறுதியாகாத நிலையில் சோதனை மட்டும் நடத்துதல் அறமன்று. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு முன்கூட்டியே பேசி, ஐயத்திற்குரியவரை எந்நாளில், எப்பிரிவில் ஏற்பார்கள் என்பதை எழுத்தில் பெறவேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவருக்கும் அவ்வாறே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவருக்கு வருமானச் சான்றும் விண்ணப்பமும் அன்றே ஆயத்தமாதல் வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் அத்திட்டத்திற்கு உரியவை.

நான்காவது, மறைவும் மரியாதையும். சோதனை அறைக்குக் கதவும் திரையும் நல்ல விளக்கும் வேண்டும். பெண் செவிலியரே இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கியில் எவர் பெயரையும் அழைத்தலாகாது. நோயாளரை மேடையிலேற்றி நன்கொடை வழங்கிப் படமெடுத்தல் அறவே கூடாது. நோயினின்று மீண்டவர் தாமே விரும்பிப் பேச முன்வந்தால், மருத்துவரின் உரைக்கு அடுத்து அவருக்கே இடமளிக்கலாம். புற்றுநோயாளரோடு ஒரே பந்தியில் உண்பதால் நோய் தொற்றாது என்பதை மேடையில் ஆயிரம் முறை கூறுவதினும், நிர்வாகக் குழுவினர் அவர்களோடு அமர்ந்து உண்டு காட்டுதல் மேலானது.

ஐந்தாவது, பணம். பந்தலுக்கும் விருந்துக்கும் ஆகும் செலவைச் சுருக்கி, திரட்டும் தொகையில் பாதிக்குக் குறையாமல் பின்னர் ஆகும் பயணச் செலவுக்கும் கூலி இழப்புக்கும் ஒதுக்குக. துணைவிதிகள் இடந்தரும் அளவில் சங்கத்தின் பொதுநல நிதியும் இதற்கு உதவலாம். 2023 ஜூன் 15 முதல் போடியிலிருந்து சென்னைக்கு நேரடி இரயில் உண்டு. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளருக்கு, மருத்துவமனைச் சான்றின்பேரில், படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், துணை செல்பவருக்கு நூற்றுக்கு 75 பங்குச் சலுகையும் அளிக்கப்பெறுகின்றன. இதனை அறியாமல் கடன் வாங்கிப் பயணம் செய்வோர் உளர்.

அவ்விரயிலில் ஏறி நம்மவர் நாடிச் செல்லும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் ஒரு சங்கத்தின் முயற்சியால் எழுந்ததே. தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக ஊராரிடம் பொருள் திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கிற்று. 1955இல் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் 2021இல் மறையும் வரை அதற்கே உழைத்தார். பலர் சிறுகச் சிறுகச் சேர்த்தது பெரும்பயன் தரும் என்பதைக் கூட்டுறவாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இறுதியாக, எல்லாவற்றினும் முதன்மையானது பேரேடு. நெசவாளருக்கு நூல் கொடுத்தால், அது சேலையாகத் திரும்பி வரும் வரையில் அவர் பெயரிலுள்ள பற்றை நாம் மூடுவதில்லை. மாநாட்டில் கொடுக்கும் ஒவ்வொரு சீட்டையும் அவ்வாறே ஒரு பற்றாகப் பதிவு செய்க. மருத்துவமனைக்குச் சென்ற நாள், சொல்லப்பெற்ற முடிவு, சிகிச்சை தொடங்கிய நாள், முடிந்த நாள் என்று நான்கு பத்திகள் போதும். ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஓர் உறுப்பினர் பெயரும் எதிரே இருக்கட்டும். இவ்வேடு செயலாளரின் பூட்டிய அலமாரியில் இருத்தல் வேண்டும். அதிலுள்ள பெயர்கள் கூட்டத்தில் படிக்கப்படலாகாது. ஆனால் திறந்து நிற்கும் பற்றுகள் எத்தனை என்னும் எண்ணிக்கை, திங்கள்தோறும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பெற வேண்டும்.

தவணை தவறியவர் வீட்டுக்கு வழி நம் சங்கங்கள் அனைத்திற்கும் தெரியும். மருத்துவமனைக்குச் செல்லத் தவறியவரின் வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது. அவ்வேட்டின் கடைசிப் பற்று மூடப்பெறும் நாளே மாநாடு நிறைவுற்ற நாளாகும்.